உங்கள் விரல் அந்த மெஷினில் பதிகிறதா?

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வயது 31. மொத்தம் 110 பேர் வேலை செய்கிறார்கள். தைத்த பீஸுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பகுதியாக வரிசையில் தைக்கும் லைன் சிஸ்டம் கொண்டுவந்தேன். யார் மணிக்கு எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று பெயரோடு டிவியில் காட்டும் சாஃப்ட்வேர் போட்டேன். வருகைக்கு விரல்ரேகை மெஷின் வைத்தேன். அப்பா காலத்து ஒற்றுமை இப்போது இல்லை. கட்டிங்கைத் தையல்காரர்கள் குறை சொல்கிறார்கள், தையலைச் செக்கிங் பெண்கள் குறை சொல்கிறார்கள். போன மாதம் 400 பீஸ் அளவு சுருங்கி ரிஜெக்ட் ஆனது. துணி சரியில்லை என்று தெரிந்தும் கட்டிங் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. 27 வருடமாக இருப்பவர், இன்றும் கம்பெனிக்கு முதலில் வருகிறவர் அவர்தான். சின்ன விஷயத்தைக்கூடப் பெரிதாக்குகிறார்கள். மாஸ்டருக்கு மெஷினில் ரேகை விழவில்லை என்பதால் செக்யூரிட்டி நோட்டில் எழுதிக்கொள்கிறார். இரண்டு நாள் எழுத மறந்து ஷிப்ட் கட் ஆனது, பிறகு சரி செய்துவிட்டோம். அதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்பா வந்தால் அவரிடம் புகார் சொல்கிறார்கள் என்பதால் அவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரையும் ஏற்காட்டுக்கு டூர் கூட்டிப்போகலாமா? இல்லை, வெளியிலிருந்து ஆள் வைத்து டிரெயினிங் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, ஏற்காட்டை விடுங்கள். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாஸ்டருக்கு ரேகை விழவில்லை என்ற வரி. அதைச் சின்ன விஷயம் என்று வேறு சொல்கிறீர்கள். நான் நான்கு தடவை படித்தேன். உங்கள் கம்பெனியில் என்ன நடக்கிறது என்பது முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ரேகை ஏன் விழவில்லை? 27 வருடம் துணியைத் தடவி, வெட்டுவதற்கு அடுக்கடுக்காக லே விரித்து, சாக்பீஸ் பிடித்துக் கோடு போட்ட விரல் அது. உங்கள் கம்பெனிக்காகத் தேய்ந்திருக்கிறது. அந்த விரலை உங்கள் கம்பெனி வாசலிலேயே ஒரு மெஷின் யார் என்று தெரியவில்லை என்கிறது. தினமும் காலையில் இது நடக்கிறது. அவருக்குப் பின்னால் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் விரலை வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் வருகிற மனிதர், செக்யூரிட்டி பேனாவைத் தேடி எடுக்கும்வரை ஓரமாக நிற்கிறார்.

என் அம்மாவை ரேஷன் கடையில் இப்படிப் பார்த்திருக்கிறேன். விரல் பதியவில்லை என்றதும் முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார். மறுபடியும் பதியாது. எச்சில் தொட்டு, சேலையில் தேய்த்து, இன்னொரு தடவை வைப்பார். பின்னால் வரிசை நீளும். ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி திரும்பி எங்களைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தபிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். உங்கள் மாஸ்டரும் பேசியிருக்க மாட்டார். அதை நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்கிறீர்கள்.

அப்புறம், 'சரி செய்துவிட்டோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, யார் கேட்டு யார் சரி செய்தார்கள்? நீங்களாகப் பார்த்துத் திருத்தியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். திருப்பூரில் ஷிப்ட் என்றால் அது சம்பளக் கணக்கு. அந்த இரண்டு நாளும் நான் வேலைக்கு வந்தேன், துணி வெட்டினேன் என்று ஆபீஸ் வாசலில் நின்று அவர் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைச் சொன்னது, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த கட்டிங் டேபிளில் நிற்கிற ஒருவர். பணம் திரும்ப வந்திருக்கும், அது வேறு.

இப்போது அந்த 400 பீஸுக்கு வாருங்கள். பின்னல் துணி ரோலில் சுற்றியிருக்கும்போது இழுபட்டு இருக்கும். பிரித்துப் போட்டு, லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியாக இருந்தால் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் பீஸ் பிறகு சுருங்கும். இது உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு ஷிப்மென்ட் தேதி நெருக்கியிருக்கும். மாஸ்டர் துணியைத் தொட்டதுமே கண்டுபிடித்திருப்பார். வாசலில் ரேகை இல்லாத அதே விரல்தான் அதையும் சொல்லியிருக்கும். தெரிந்தும் சொல்லவில்லை என்று கோபப்படுகிறீர்கள். இந்த இரண்டு வருடத்தில் அவர் சொன்ன எதையாவது நீங்கள் கேட்டு நடந்த ஒரு நாள் உங்கள் கடிதத்தில் இருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன், இல்லை. தான் வந்ததையே நிரூபிக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் துணியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லியிருக்க வேண்டும், அது அவர் கடமை. ஆனால் சொல்லலாம் என்ற இடத்தை வைத்திருப்பது முதலாளி கடமை. அதில் நீங்கள்தான் முதலில் தவறியிருக்கிறீர்கள்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் லைன் சிஸ்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீணைக் குறைத்து வேலை செய்யும் முறை, லீன் என்று இன்று டிரெயினிங்கில் சொல்லித்தருவதற்கெல்லாம் மூலம் ஜப்பானின் டொயோட்டா. அங்கே லைனில் ஒரு கயிறு தொங்கும். குறையைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தால் மேற்பார்வையாளர் உதவிக்கு ஓடி வருவார். குறை தீரவில்லை என்றால் லைன் நிற்கும். இழுத்தவரைத் திட்ட மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஒரு கார் ஆலையை, டொயோட்டாவும் அவர்களும் சேர்ந்து 1984-ல் திறந்தார்கள். வேலைக்கு வராமை, சண்டை, குறையுள்ள கார் என்று பெயர் கெட்டுப்போன ஆலை. திரும்ப எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். மேலதிகாரியும் தொழிலாளியும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டார்கள், அதிகாரிக்கென்று தனி பார்க்கிங் கிடையாது. 80-களின் கடைசியில் விற்பனை விழுந்தபோதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, டிரெயினிங்கில் உட்கார வைத்தார்கள். ஆலையின் தரம் தலைகீழாக மாறியது. அங்கிருந்து மெஷின் வைக்கும் வரிசையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கயிற்றை விட்டுவிட்டீர்கள்.

அதே 1984-ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்பாவிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர் முதலாளியாகியிருக்கும் ஊர் அது. தைக்கிறவன் என்ன நினைக்கிறான் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் அது தெரிந்த அப்பாவை வர வேண்டாம் என்று சொன்னது தப்பு. தொழிலாளிகள் அப்பாவிடம் புகார் சொன்னது உங்கள் அதிர்ஷ்டம், தம்பி. அதுதான் உங்கள் கம்பெனியில் மிச்சமிருந்த ஒரே கயிறு. அதை நீங்களே அறுத்துவிட்டீர்கள். பெற்றவரிடமிருந்து கட்டடத்தையும் மெஷினையும் வாங்கிக்கொள்கிற பிள்ளை, அவர் மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறான். இந்தக் காலத்தில் அதெல்லாம் முடியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். முடியாது என்றால் கம்பெனியை வாங்கியிருக்கக் கூடாது.

டிவிக்கு வருகிறேன். பெயர் போட்டு எண்ணிக்கை காட்ட ஆரம்பித்த நாளோடு உதவி நின்றிருக்கும். பக்கத்து மெஷினில் நூல் அறுந்தால் எழுந்து போகிற பெண்ணுக்கு அந்த மணிநேரத்தில் நான்கு பீஸ் குறையும், அவள் பெயருக்கு நேரே அது தெரியும். அப்புறம் யார் எழுந்து போவார்கள்? கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதும் இதனால்தான். குறை யார் பெயரில் விழும் என்ற பயம். நாளைக்கே பெயர்களை எடுங்கள். முழு லைனுக்கும் சேர்த்து ஒரு எண் இருந்தால் போதும். கூடவே, எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது என்று எழுத ஒரு பலகை வையுங்கள். அதில் எழுதியதற்காக யாரிடமும் சத்தம் போடாதீர்கள்.

மாஸ்டரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஏசி அறைக்குக் கூப்பிட்டு இல்லை. வாசலில், அந்த செக்யூரிட்டி இருக்கும்போது. அடுத்த லாட் துணி வந்ததும் எப்போது வெட்டலாம் என்று அவரிடம் கேளுங்கள். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்குத்தான். பையரிடம் ஒரு நாள் தள்ளிக் கேட்கிற சங்கடம் உங்களுடையது, அதைச் சுமக்கத்தான் நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். அப்பா வாரம் ஒரு நாளாவது வரட்டும். ஒன்றும் பேச வேண்டாம், ஃப்ளோரில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகட்டும்.

விரல்ரேகை மெஷினைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் மெஷினோ கார்டு மெஷினோ வையுங்கள். எது வைத்தாலும் 110 பேருக்கும் ஒன்றுதான். 111-வதாக நீங்களும். உங்கள் விரல் இப்போது அந்த மெஷினில் பதிகிறதா என்று கடிதத்தில் இல்லை. இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

புது மெஷின் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை அந்த நோட்டை செக்யூரிட்டியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்டரின் பெயரை நீங்கள் எழுதுங்கள். கம்பெனிக்கு முதலில் வருகிறவர் அவர்தான் என்கிறீர்கள், அப்படியானால் அந்த ஒரு வாரமும் நீங்கள் எட்டு மணிக்கே வாசலில் இருக்க வேண்டும்.