ஜிஐ பைப்பில் ரோல் கேஜ் வேண்டாம்

கேள்வி: பழைய ஜீப் சேஸிஸில் நானே ஒரு வண்டி கட்டியிருக்கிறேன். வெளிப்புறமாக ரோல் கேஜ் (வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) போட வேண்டும். ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை பாடியில் போல்ட் போட்டால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். ஆர்.சி.யில் ஏற்றித்தர ஒரு தரகரும் பணம் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

ஜிஐ என்பது தண்ணீர்க் குழாய். வெல்டிங்கில் பற்ற வைக்கும்போது துத்தநாகப் பூச்சு புகைந்து காய்ச்சலைக் கொண்டுவரும். வெல்டிலும் துளை விழும். 'ஒன்றரை அங்குலம்' என்பதும் வெளி விட்டம் அல்ல, அளந்தால் 48.3 மி.மீ. வரும். கடையில் 'சிடிஎஸ் சீம்லெஸ்' (குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத எஃகுக் குழாய்) என்று கேட்டு, டெஸ்ட் சர்டிஃபிகேட்டையும் வாங்குங்கள். பந்தய விதிப்படி (வெளி விட்டம் × தடிமன்) ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு 45 × 2.5 அல்லது 50 × 2 மி.மீ., மற்றவற்றுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2 மி.மீ. 'சீம்லெஸ்தான் சார்' என்று சொல்லி மெல்லிய குழாயைத் தள்ளிவிடுவார்கள். பெயின்ட் அடிக்கும் முன் மறைவான இடத்தில் 5 மி.மீ. துளை போட்டு, தடிமனை அளந்து பாருங்கள். வளைவில் குழாய் நசுங்கியிருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிடுங்கள்.

கேஜின் கால்களை பாடித் தகட்டில் நிறுத்தாதீர்கள். வண்டி உருண்டால் தகடு கிழிந்து கால் உள்ளே இறங்கிவிடும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் இரும்புக் கை ஒன்றை நீட்டி, அதில் குறைந்தது 3 மி.மீ. தகடு வைத்து, ஒரு காலுக்கு மூன்று எம்8 (8 மி.மீ.), 8.8 வலிமைத் தர போல்ட்டாவது போடுங்கள். ஜீப் பாடி ரப்பர் மவுண்டில் ஆடும். அதனால் கேஜை சேஸிஸோடு பிணைத்துவிட்டு பாடியோடும் இறுக்கினால், ஆட்டத்தில் எங்காவது விரிசல் விடும். விதிவிலக்கு ஒன்றுதான்: ரப்பரே இல்லாமல் பாடியை சேஸிஸில் நேரடியாகப் பற்ற வைத்திருந்தால் இரண்டிலும் கட்டலாம். ரப்பரை எடுத்துவிட்டு வெறும் போல்ட்டில் இறுக்கிய பாடி இதில் சேராது. போல்ட் தளர்ந்தால் அதுவும் நகரும். மரத்துண்டோ டயர்த் துண்டோ செருகியிருந்தால் அதையும் ரப்பராகவே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் சேஸிஸ் மட்டும்.

சீட் பெல்ட் இல்லாமல் கேஜ் போடாதீர்கள். தூக்கி எறியப்பட்டவர் அதே குழாயின் அடியில் நசுங்குவார்.

தரகர் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தரகர் தருவது காகிதம். விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைத்தான் பார்ப்பார். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் சோதித்து அனுமதிக்க ஐவிஏ என்ற முறை இருக்கிறது. இங்கே சோதனை விதிகள் பெரிய தயாரிப்பாளரை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒழுங்காகக் கட்டுபவருக்கு வாசலே திறக்காத இந்த ஏற்பாடுதான் தரகருக்குப் பிழைப்பு.

கேஜ் போட்ட வண்டி தனியார் நிலத்துக்கும் பந்தயத் திடலுக்கும் மட்டும். அங்கேயும் லாரியில் ஏற்றியே கொண்டுபோங்கள்.