முறுக்கலும் ஆட்டமும்: டீசல் எஞ்சின் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கனரக வாகனத்தின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) உடைந்தது. புதிய கிராங்க்கை முறையாக பேலன்ஸ் செய்து பொருத்தினோம். முன்புறத்தில் இருந்த, உள்ளே திரவம் நிரம்பிய பழைய டேம்பரையே (அதிர்வை அடக்கும் பாகம்) திரும்ப மாட்டினோம். சில மாதங்களில் புதிய கிராங்க்கும் உடைந்துவிட்டது. பேலன்சிங்கில் பிழை இருந்திருக்குமா?

பதில்: உடைந்த இடத்தை முதலில் கூர்ந்து பாருங்கள். விரிசல் எண்ணெய்த் துளையிலோ ஜர்னலின் (தண்டில் பேரிங் அமரும் உருளைப் பகுதி) மூலை வளைவிலோ தொடங்கி, தண்டின் அச்சுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாகத் திருகிச் சென்றிருந்தால் அது முறுக்கு அதிர்வால் (தண்டு முன்னும் பின்னும் முறுக்கேறித் துடிப்பதால்) நேர்ந்த உடைவு. பேலன்சிங்கின் மீது பழி போட இடமில்லை. மாறாக, ஜர்னல்களை இணைக்கும் கையைக் குறுக்காக அறுத்தது போல் விரிசல் ஓடியிருந்தால் தண்டு வளைந்து வளைந்து களைத்திருக்கிறது என்று பொருள். அப்போது தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளின் இருக்கைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும்.

பேலன்சிங் தீர்ப்பது ஒரே ஒரு சிக்கலை: சுழலும் எடை அச்சின் ஒரு பக்கம் கூடியிருப்பது. அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் மிகுந்திருந்தாலே, நிமிடத்துக்கு 2000 சுற்றில் அது ஏறத்தாழ நாலரை கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை ஆட்டும். வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். தண்டில் சமநிலைக்காக உள்ள எதிரெடையில் துளையிட்டு உலோகத்தைக் குறைப்பதால் இந்த ஆட்டம் அடங்குகிறது.

முறுக்கு அதிர்வு வேறு வகையைச் சேர்ந்தது. எந்தக் குறையும் இல்லாமல் பேலன்ஸ் செய்யப்பட்ட தண்டிலும் அது இருக்கும். நான்கு வீச்சு ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று எரிப்புகள் நிகழ்வதால், 1800 சுற்றில் தண்டு நொடிக்கு 90 முறை உந்தப்படுகிறது. ஒவ்வொரு உந்துதலிலும் தண்டு ஒரு டிகிரியின் சிறு பின்னம் அளவுக்கு முறுக்கேறித் திரும்புகிறது. அதன் இயல்பான அதிர்வெண் (தூண்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம்) நொடிக்கு 180 என்று வைத்துக்கொண்டால், 90-இன் இரட்டிப்பு அதனுடன் சரியாகப் பொருந்தி, அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் முறுக்கல் பெருகிக்கொண்டே போகும். பின்முனையை ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் தன் எடையால் பிடித்து வைத்திருப்பதால், முன்முனையே மிகுதியாக ஊசலாடுகிறது; டேம்பரை முன்புறத்தில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த அதிர்வை அடக்கும் டேம்பரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர். திரவ டேம்பரில், மூடிய உறைக்குள் கனமான ஓர் இரும்பு வளையம் எதனுடனும் பிணைக்கப்படாமல் இருக்கும். சுற்றியுள்ள மிக மெல்லிய இடைவெளியில், தண்ணீரைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பிசுப்பான சிலிகான் திரவம் நிரம்பியிருக்கும். பச்சை முட்டையைச் சுழற்றினால் ஓட்டின் திடீர் அசைவுக்கு உள்ளிருப்பது உடனே இணங்காததைப் போல, உறை கிராங்க்குடன் முன்னும் பின்னும் துடிக்கையில் வளையம் தன் சீரான சுழற்சியை விடாது. இடையில் உள்ள திரவம் இழுபட்டு உராய, அதிர்வின் ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. திரவத்துக்குப் பதில் ரப்பரைக் கொண்ட ரப்பர் டேம்பர் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஒட்டியே நன்றாக வேலை செய்யும். திரவ டேம்பரோ எஞ்சினின் பரந்த வேக எல்லை முழுவதிலும் உதவும். ஆனால் நெடுங்கால வெப்பத்தாலும் உராய்வாலும் திரவம் கெட்டு இறுகிவிட்டால், வளையம் உறையுடன் ஒட்டிக்கொண்டு வெறும் எடையாகிவிடும். அது எதையும் அடக்காததோடு, தண்டின் இயல்பு அதிர்வெண்ணையும் கீழே இறக்கிவிடும். உங்கள் எஞ்சினில் உடைவு சாய்வாக இருக்குமானால், என் ஐயம் அந்தப் பழைய டேம்பரின் மீதுதான்.

கேள்வி: டேம்பர் கெட்டுவிட்டதா என்பதைப் பார்த்தே அறிய முடியுமா?

பதில்: கசிவு, உறையில் வீக்கம், நெளிவு, வெப்பத்தால் நிறம் மாறிய பூச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஆனால் வெளியே எதுவும் தெரியவில்லை என்பதற்காக உள்ளே நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. ஆகவே தயாரிப்பாளர் குறித்துள்ள மணிக்கணக்கையோ கிலோமீட்டரையோ பின்பற்றுவதும், கிராங்க் உடைந்த எஞ்சினில் பழைய டேம்பரைத் திரும்பப் போடாமல் இருப்பதுமே பாதுகாப்பு. ஒன்றை மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன்: கழற்றும்போது உறையின் மீது சுத்தியலால் தட்டாதீர்கள், விளிம்பில் நெம்புகோல் வைத்து நெம்பாதீர்கள். உள்ளே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், ஒரு சிறு நெளிவே வளையத்தைப் பிடித்து நிறுத்தப் போதும்.

கேள்வி: ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றினால் கிராங்க்கை மீண்டும் பேலன்ஸ் செய்ய வேண்டுமா?

பதில்: நேர்வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். எனவே புதிய பிஸ்டனின் எடை மற்றவற்றோடு, கையேடு அனுமதிக்கும் வேறுபாட்டுக்குள் ஒத்திருந்தால் போதும். வி வடிவ எஞ்சினில் எதிரெடைகளே பிஸ்டன், அதைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு ஆகியவற்றின் எடையையும் கணக்கில் கொண்டு அமைக்கப்படுவதால், எடை மாறினால் அதற்கு ஈடான போலி எடைகளை கிராங்க் பின்களில் (கனெக்டிங் ராடு பொருந்தும் ஜர்னல்கள்) மாட்டி மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும்.