பிரவுசர் அப்டேட்டுக்குப் பிறகு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஜெராக்ஸ் கடை, இணைய மையம், சின்ன அலுவலகம் நடத்துகிறவர்கள் ஃபயர்பாக்ஸ், குரோம் அப்டேட் ஆனபின் கேட்டவை இவை. மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் வருகிறபடியே சொல்கிறேன். பிரவுசரைத் தமிழில் வைத்திருந்தால் பெயர்தான் மாறும், இடம் மாறாது.

பென்னாகரம்: ஃபயர்பாக்ஸ்ல டேப் எல்லாம் இடது பக்கம் போயிடுச்சுங்க அண்ணா. பட்டா பார்க்கிற பக்கத்துல அட்டவணை பாதிதான் தெரியுது. பழையபடி மேல கொண்டு வரலாமா?

தாராளமாக. இது 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்போடு வந்த 'வெர்டிக்கல் டேப்ஸ்'. டேப் பட்டியில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே இது இருப்பதால், கடைக்கு வருகிற யாராவது கை தவறித் தட்டியிருக்கலாம். செட்டிங்ஸ், ஜெனரல், 'பிரவுசர் லேஅவுட்' என்று போய் 'ஹரிசான்டல் டேப்ஸ்' தேர்ந்தெடுங்கள். உடனே மேலே வந்துவிடும், திறந்திருக்கும் பக்கம் எதுவும் மூடாது.

மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். இடது மேல் மூலையில் உள்ள சைடுபார் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் டேப்களின் பெயர் மறைந்து ஐகான் மட்டும் நிற்கும். 1366×768 திரையில் உயரம்தான் எப்போதும் பற்றாக்குறை. நீளமான விண்ணப்பம் நிரப்புகிற கடைக்கு இந்தச் சுருக்கிய வடிவம் உண்மையிலேயே நல்லது. அகலமான அட்டவணை பார்க்கிற வேலைதான் அதிகம் என்றால் மேலேயே இருக்கட்டும்.

பாலக்கோடு: ஒரு டேபை நகர்த்தினா இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டு கலர் கட்டம் வருது. அதை மூடினா உள்ள இருந்ததும் போகுதுங்களே?

அது ஃபயர்பாக்ஸின் டேப் குரூப், பல டேப்களை ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் வசதி. ஒரு டேபை இன்னொன்றின் மேல் இழுத்து ஒரு நொடி நிறுத்தினால் இரண்டும் குழுவாகிவிடும். குழுவின் பெயரில் ரைட் கிளிக் செய்தால் வருகிற மூன்று கட்டளைகளைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'அன்குரூப் டேப்ஸ்' கட்டத்தை மட்டும் எடுக்கும், டேப்கள் இருக்கும். 'சேவ் அண்ட் குளோஸ்' மூடினாலும் சேமித்து வைக்கும். டேப் வரிசையின் ஓரத்தில் உள்ள கீழ் அம்புக்குறியில் திரும்ப எடுக்கலாம். 'டெலீட் குரூப்' எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதில் மையம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது, சேமித்த குழு கம்ப்யூட்டரிலேயே தங்கும் என்பது. ஒருவர் விட்டுச்சென்ற பக்கத்தை அடுத்து உட்காருபவர் திறக்க முடியும். வாடிக்கையாளர் வேலையை பிரைவேட் விண்டோவில் செய்யுங்கள், முடிந்ததும் அந்த விண்டோவையே மூடுங்கள். அப்போதும் டவுன்லோட் ஆன ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். பிரைவேட் விண்டோ அதை அழிக்காது, நீங்கள்தான் அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின் வரைக்கும்.

அரூர்: குரோம்ல வேற டேபுக்குப் போய்ட்டு வந்தா பக்கம் புதுசா லோட் ஆகுது. ஸ்காலர்ஷிப் ஃபாரம் பாதியில போயிடுது. 4 ஜிபி ரேம்தான்.

இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், முதலில் எது என்று பாருங்கள். திரும்பி வரும்போது அதே பக்கம் வெறுமையாக லோட் ஆனால், சும்மா கிடக்கும் டேபை நினைவகத்திலிருந்து விடுவிக்கும் குரோமின் 'மெமரி சேவர்' வேலை. லாகின் பக்கம் வந்து நின்றால் அந்தத் தளத்தின் சர்வரே நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பியிருக்கிறது. அதற்கு பிரவுசரில் மருந்து இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் 'சேவ்' கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

மெமரி சேவர் பாதி நிரப்பிய ஃபாரத்தைப் பொதுவாகத் தொடாது. 'பின்' (pin) கொடுத்து நிலையாக நிறுத்திய டேபையும் தொடாது. ஆனால் பல பக்கமுள்ள விண்ணப்பத்தில் புதுப் பக்கம் திறந்து, இன்னும் ஓர் எழுத்துகூட டைப் செய்யாமல் விட்டுப் போனால், அதை சும்மா கிடக்கும் டேப் என்றே எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' போய், 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேருங்கள். மெமரி சேவரையே நிறுத்திவிடாதீர்கள். 4 ஜிபி மெஷினில் ஸ்கேனர் மென்பொருளும் சேர்ந்து ஓடும்போது மொத்தமும் உறைந்துவிடும்.

ஓசூர்: எங்க கம்பெனி வெண்டார் போர்ட்டல் பழசு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் ஓடும். எட்ஜ்ல கொஞ்ச நாள் ஓடிட்டு மறுபடி நின்னுடுது சார்.

எட்ஜில் செட்டிங்ஸ், 'டிஃபால்ட் பிரவுசர்' போய், 'அலவ் சைட்ஸ் டு பி ரீலோடட் இன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட்' என்பதை 'அலவ்' ஆக்கி எட்ஜை மறுபடி திறந்திருப்பீர்கள். அதுவரை சரி. கையால் சேர்க்கிற பக்கத்துக்கு 30 நாள்தான் ஆயுள், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமானால் உங்கள் ஐடி ஆள் அந்த மோடில் திறக்க வேண்டிய தளங்களைப் பட்டியலிடும் 'என்டர்பிரைஸ் மோட் சைட் லிஸ்ட்' கோப்பை பாலிசி வழியாகப் போட்டுத்தர வேண்டும்.

தேன்கனிக்கோட்டை: கன்னடப் பக்கம் திறந்தாலே மொழிபெயர்க்கட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கு.

குரோமில் அந்தப் பெட்டியின் மூன்று புள்ளியில் 'நெவர் டிரான்ஸ்லேட் கன்னடா'. தெலுங்குக்கும் அதே வழி.

ராயக்கோட்டை: போன்ல குரோம் அட்ரஸ் பார் கீழ வந்துடுச்சு.

அதை அழுத்திப் பிடித்தால் மேலே நகர்த்தும் தேர்வு வரும்.

காவேரிப்பட்டணம்: குரோம்ல யுபிளாக் ஆரிஜின் தானா ஆஃப் ஆயிடுச்சு. திரும்ப எப்படிப் போடுறது?

இந்த விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் குரோமில் இனி வராது. எக்ஸ்டென்ஷன்களுக்கான பழைய விதிமுறையை கூகுள் 2025-ல் முழுவதுமாக நிறுத்திவிட்டது. பக்கம் இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளையும் எக்ஸ்டென்ஷனே பார்த்துத் தடுக்கும் வசதி அதோடு போனது. புது விதிமுறையில் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். இதற்கென்று, யுபிளாக் ஆரிஜினை எழுதிய அதே ரேமண்ட் ஹில் எழுதிய 'யுபிளாக் ஆரிஜின் லைட்' இருக்கிறது, பெரும்பாலான விளம்பரங்களுக்குப் போதும். முழு வசதி வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ். அங்கே பழையது அப்படியே ஓடுகிறது. எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள், பெயரை ஒட்டி வரும் போலிகள் உண்டு.

ஊத்தங்கரை: புது ஃபயர்பாக்ஸ் பிடிக்காம பழைய வெர்ஷன் போட்டேன். புக்மார்க் ஒண்ணுமே இல்லைங்க!

பதற வேண்டாம், அழிந்திருக்காது. புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்தான் புரொஃபைல். புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்கக் கூடாது என்ற தடை 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. தரவு சிதையாமல் இருக்கத்தான் அந்தத் தடை. அதனால் வெறும் புரொஃபைல் ஒன்றை உருவாக்கித் திறந்திருக்கிறது. புதிய பதிப்பை மறுபடி நிறுவி, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'புரொஃபைல்ஸ்' என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். பழைய புரொஃபைலுக்குக் கீழே 'செட் அஸ் டிஃபால்ட் புரொஃபைல்' கொடுத்து ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தால் எல்லாம் வந்துவிடும். அதே பக்கத்தில் 'ரூட் டைரக்டரி' என்று இருக்கும் ஃபோல்டரை, ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு, பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

தோற்றம் அடிக்கடி மாறுவதுதான் தொல்லை என்றால் ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் (ESR) கடைகளுக்கு ஏற்றது. புது வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். சாதாரணப் பதிப்பு ஓடிய புரொஃபைலை இஎஸ்ஆரிலும் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே முதலில் புக்மார்க்கை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, இஎஸ்ஆரில் புதிதாகத் தொடங்கி உள்ளே சேருங்கள்.

காரிமங்கலம்: விண்டோஸ் 7 மெஷின். அப்டேட்டே வரலை, அப்படியே ஓட்டலாமா?

பணம் கட்டுகிற வேலைக்கு வேண்டாம். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் வரிசைக்கு மொஸில்லா வழக்கத்தைவிட நீட்டித்துத் திருத்தம் கொடுத்தது, ஆனாலும் கீழே இருக்கிற விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு பொதுத் திருத்தம் நின்றுவிட்டது. அந்த மெஷினை ஸ்கேன், பிரிண்ட் வேலைக்கு ஒதுக்குங்கள். லினக்ஸ் போடும் யோசனை இருந்தால், கைரேகைக் கருவியின் மென்பொருள் அதில் ஓடுமா என்று கருவி விற்றவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.