சும்மா இருப்பவரின் கணக்கு

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. ஆறு லேத் (கடைசல் மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், பதினான்கு பேர். இருசக்கர வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கு ‘பின்’ என்ற சிறு தண்டுகளும் ‘புஷ்’ என்ற சிறு குழல்களும் கடைந்து கொடுக்கிறோம். அப்பா தொடங்கிய தொழில். எம்.பி.ஏ. முடித்துவிட்டு நான் சென்ற ஆண்டுதான் வந்து சேர்ந்தேன்.

அப்பா எல்லா முடிவையும் அனுபவத்தை வைத்தே எடுக்கிறார். விலை இறங்கினால் ஒரு லாரி இரும்புக் கம்பி வாங்கிப் போட்டுவிடுகிறார். யார் அதிகம் போன் செய்கிறார்களோ அவர்களுடைய ஜாப் முதலில் ஓடுகிறது. நான் படித்த நிர்வாக முறைகளைக் கொண்டுவர விரும்புகிறேன். விரயத்தைக் குறைக்கும் லீன், பிழையைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா, எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் இ.ஆர்.பி. மென்பொருள், இவற்றில் எதில் தொடங்கலாம்? இதெல்லாம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும்தான், நம் ஊருக்கு ஒத்துவராது என்கிறார் அப்பா. உண்மையா?

ஒன்றை மட்டும் சொல்கிறேன். லேத்தில் இரும்பைச் சீவும் டூலைத் தீட்டுவதற்கென்றே 58 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இரண்டு வாரம் கவனித்துக் குறித்தேன். நேரத்தில் 44 சதவீதம்தான் வேலை செய்கிறார். டிரில்லிங்கில் இருக்கும் பையன் 50 சதவீதம். அந்தப் பையனுக்கே டூல் தீட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அவனுடைய பயன்பாடும் 94 சதவீதமாகிவிடும். கணக்கைக் காட்டியும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் வேண்டாம் என்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தைய நாள் ஒரு மருத்துவமனையில் மருந்து வாங்கும் ஜன்னல் முன்னால் என் மனைவியோடு இரண்டே கால் மணி நேரம் நின்றேன். அங்கே மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன. ஒன்றில்தான் ஆள் இருந்தார். பிற்பகலில் ஊழியர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ கணக்கெடுத்து, மற்ற இருவரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். முட்டிவலியோடு கிழவிகள் நின்றார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் நின்றார்கள். எங்கள் நேரத்தை எந்தத் தாளிலும் யாரும் குறிக்கவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் 94 சதவீதம் வந்து சேர்ந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மென்பொருள் இப்போது வேண்டாம். பதினான்கு பேர் இருக்கும் இடத்தில் ஒரு கரும்பலகை போதும். எந்த ஜாப் எங்கே நிற்கிறது, எப்போது தர வேண்டும் என்று காலையில் எழுதிவையுங்கள்; போன் செய்பவருக்கு முதலிடம் என்ற வழக்கம் தானாக ஒழியும். லீனா சிக்ஸ் சிக்மாவா என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் ஊருக்கு ஒத்துவருமா என்று உங்கள் அப்பா கேட்கலாம், நீங்கள் கேட்கக் கூடாது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் விருதை 1998-இல் வாங்கியது. அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. அங்கே மெஷின் முன் நின்றவர்கள் ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

இரும்புக் கம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-லேயே வழி சொல்லிவிட்டார். ஆண்டுத் தேவையை ஒரு தடவை வாங்க ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு கம்பியை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வைத்திருக்கும் செலவில் வட்டியோடு துருவையும் சேருங்கள். கொருக்குப்பேட்டைக் காற்றில் உப்பு இருக்கிறது. லாரி விலையில் மிச்சம் பிடித்ததை எமரித் தாளில் தேய்த்துத் தீர்க்கிறீர்களா என்று அப்பாவிடம் எண்களோடு காட்டுங்கள். கேட்பார்.

இனி அந்தப் பெரியவர்.

இரண்டு வாரம் நீங்கள் அளந்தது யாரை? உட்கார்ந்திருப்பவரை. அதே இரண்டு வாரத்தில் டூல் மழுங்கி எத்தனை தடவை லேத் நின்றது? ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் நின்றது? இதைப் பற்றி உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பத் துணிந்த நீங்கள், அந்த ஆள் எதற்காக அங்கே இருக்கிறார் என்பதை அளக்கவில்லை. இதற்கு நிர்வாக முறை என்று பெயர் வைக்காதீர்கள். முறையைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு முடிவு சொல்ல வந்தீர்களே, அதற்காகத்தான் திட்டுகிறேன்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஏர்லாங் என்று ஒரு கணித அறிஞர் இருந்தார். தொலைபேசி அழைப்புகள் சீராக வருவதில்லை. சற்று நேரம் கொத்தாக வரும், சற்று நேரம் ஓய்ந்திருக்கும். அவற்றை அதிகம் காக்கவைக்காமல் இருக்க எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று அவர் ஆராய்ந்தார். 1909-இல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. வரிசைகளைப் பற்றிய கணிதம் முழுவதும் அதிலிருந்து கிளைத்தது. உங்கள் பாடப்புத்தகத்திலும் இது இருந்திருக்கும். தேர்வுக்குப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருவோம். ஒரு டூல் தீட்டச் சராசரியாக 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எப்போது மழுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தீட்டும் நேரமும் ஏறி இறங்கும். தீட்டுபவர் பாதி நேரம் வேலையில் இருந்தால், வந்து சேரும் டூல் தன் முறைக்காகச் சராசரியாக 20 நிமிடம் காத்திருக்கும். அவர் 80 சதவீதம் வேலையில் இருந்தால் 80 நிமிடம். 90 என்றால் 3 மணி நேரம். 95 என்றால் 6 மணி நேரத்துக்கும் மேல். வேலையில் இருக்கும் பங்கை ஓய்வில் இருக்கும் பங்கால் வகுத்து, 20-ஆல் பெருக்குங்கள், வந்துவிடும். 90-லிருந்து 95-க்குப் போக நீங்கள் மிச்சம் பிடித்தது ஐந்தே சதவீதம். அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பெரியவரின் 44-க்குப் போட்டால் 16 நிமிடம். உங்கள் பையனின் 94-க்குப் போட்டால் 5 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

படித்தவர் நீங்கள், மறுப்பு ஒன்றை எழுப்பலாம்: ஏர்லாங்கின் வரிசைக்கு எல்லையில்லை, எங்களிடம் இருப்பது ஆறு லேத்துதானே என்று. சரியான மறுப்புதான். உங்களிடம் வரிசை அந்த அளவுக்கு நீளாது. ஏன் நீளாது? ஒவ்வொரு லேத்தாக நின்றுகொண்டே வரும்; ஆறும் நின்றுவிட்டால் வரிசையில் சேர வேறு லேத் இருக்காது. லேத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று நீங்கள்தானே கொட்டேஷன் போடுகிறீர்கள்? நிற்கும் லேத்துகளின் மணியை அந்த விலையில் போட்டு, பெரியவரின் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வடசென்னையில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற நிலையைப் பார்த்துத்தானே வளர்ந்தீர்கள்? சாலையும் கேட்டும் விளிம்புவரை நிரம்பிவிட்டால், ஒரே ஒரு லாரியின் தாளில் சிக்கல் இருந்தாலும் பின்னால் இருப்பதெல்லாம் உறைந்துபோகும். மூச்சுவிட இடம் இருந்தால்தான் சிக்கல் கரையும். உங்கள் பெரியவர் உட்கார்ந்திருக்கும் அந்த 56 சதவீதம்தான் உங்கள் பட்டறை மூச்சுவிடும் இடம். உங்கள் அப்பாவுக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. லேத்துகள் ஓடும் சத்தத்திலேயே முப்பது நாற்பது ஆண்டுகள் இருந்தவர், அது அடிக்கடி நிற்கப் போகிறது என்று உணர்கிறார். அந்த உணர்வை எண்ணாக மாற்றிக் கொடுப்பதற்குத்தான் உங்களை எம்.பி.ஏ. படிக்க அனுப்பினார் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு கடுமையாக நான் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1982-இல், எனக்கு 23 வயதில், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஸ்டடி எழுத்தராக, அதாவது தொழிலாளர்களின் வேலை நேரத்தை அளந்து குறிப்பவனாகச் சேர்ந்தேன். டிப்பெட் என்பவர் 1930-களில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளுக்காக உருவாக்கிய முறையைத்தான் அங்கே கையாண்டோம். நாள் முழுவதும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முன்பின் சொல்லாத நேரங்களில் போய் ஒரு பார்வை பார்த்து, வேலையா இல்லையா என்று ஒரு கோடு போட்டால் போதும். கோடுகள் சேரச் சேர விகிதம் தெரிந்துவிடும். நல்ல முறை, இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் என் தாளில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன: வேலை, வேலையில்லை.

அங்கே டூல் ரூமில் தீட்டுபவர் ஒருவர் இருந்தார். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். யாராவது டூலோடு வந்தால் எழுந்திருப்பார், தீட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி உட்காருவார். நூறு கோட்டில் அறுபது, வேலையில்லை என்ற கட்டத்தில் விழுந்தது. நான் நேர்மையாகத்தான் குறித்தேன். அறிக்கை மேலே போனது. மாமாவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றி மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்க வைத்தார்கள். அவர் வேலையை, ஏற்கெனவே கை நிறைய வேலை இருந்த இன்னொருவரிடம் சேர்த்தார்கள். என் மேலதிகாரி என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு டூலுக்காக ஆபரேட்டர்கள் காத்து நிற்கத் தொடங்கினார்கள். காத்து நின்று பழகிய மனிதர் பதுக்கத் தொடங்குவார். சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலும், எண்ணெய்த் துணிக்குள்ளும் ஆளுக்கு இரண்டு மூன்று டூல்களை ஒளித்துவைத்தார்கள். ஸ்டோர்ஸில் டூல் செலவு ஏறியது. கிடைக்காதவர்கள் மழுங்கிய டூலையே ஓட்டினார்கள். மழுங்கிய டூல் இரும்பைச் சீவாது, உரசும். கடையும் இரும்பு சூடேறும், அளவு தவறும், மேற்பரப்பில் கோடு விழும். ரிஜெக்ட் பெருகியது. ஆபரேட்டர்களின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடிவு செய்து மூன்று பேருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்.

எங்கே பிழை நடந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு மாலை நேர வகுப்பில் ஆசிரியர் ஏர்லாங்கின் சூத்திரத்தைப் பலகையில் எழுதி, 90-க்கும் 95-க்கும் மதிப்புப் போட்டுக் காட்டினார். மாமாவின் ஸ்டூல்தான் எனக்குத் தெரிந்தது. வகுப்பு முடியும்வரை என்னால் எதையும் எழுத முடியவில்லை.

இதனால் பெரியவரின் மீதி நேரத்தைத் தொடவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் கீழே வைத்துவிட்டு எழுந்து வரக்கூடிய வேலையை அவரிடம் கொடுக்கலாம். கடைந்த புஷ்களுக்குப் பிசிறு எடுப்பது அப்படிப்பட்ட வேலை. டூல் வந்ததும் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பார். எந்த லேத்தும் அதற்காகக் காத்திருக்காது. பையனுக்கும் தீட்டக் கற்றுக்கொடுங்கள். பெரியவருக்கு 58 ஆகிறது. அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஆறு லேத்துக்கும் கதி என்ன என்று நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். லேத் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது, எதற்காக நின்றது என்று ஓட்டுபவரே எழுதட்டும். டூலா, கம்பியா, அளவு பார்க்கும் ஆளா, கரண்டா? ஒரு மாதம் எழுதட்டும். அதை அப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பட்டறையின் உண்மையான இறுக்கம் டூல் தீட்டும் இடத்தில் இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பகுதியில் தொழிலாளியின் நிமிடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். உட்கார்ந்து சாப்பிட மதிய இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் அன்று சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இன்றும் நம் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய நேரத்தை அளக்கிறவர் மறைந்திருந்து அளக்கக் கூடாது.

ஆகவே நோட்டைத் தொங்கவிடுவதற்கு முன்னால் அந்தப் பெரியவரிடம் போங்கள். இரண்டு வாரம் அவருக்குத் தெரியாமல் குறித்ததைச் சொல்லுங்கள். இனி என்ன எழுதப் போகிறோம், எதற்காக என்பதையும் சொல்லுங்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று குறித்தேன். ஓய்வு பெறும்வரை நான்கு ஆண்டுகள் மாமா பெட்டிக்கு ஆணி அடித்தார். கேட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறாள் மாமா என்பேன். அந்தக் கோடுகளைப் போட்டவன் நான்தான் என்று ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை.