வெல்ட்மைஸ்டரும் ஷென் ஹுய்யும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீன மின்வாகனத் தொழில் பற்றிய உங்கள் கட்டுரையில் நியோ, எக்ஸ்பெங், லி ஆட்டோ ஆகிய நிறுவனங்களை விரிவாகப் பேசியிருந்தீர்கள். அவற்றைத் தொடங்கிய மூவருமே இணையத் தொழிலிலிருந்து வந்தவர்கள். ஏறத்தாழ அதே காலத்தில் வெல்ட்மைஸ்டரைத் தொடங்கிய ஷென் ஹுய்யோ கார்த் தொழிலிலேயே ஊறியவர். ஆனால் அந்த நால்வரில் அவருடைய நிறுவனம்தான் நொடித்துப்போனது. நான் வாகன உதிரிபாகத் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன். தொழில் தெரிந்தவர் தோற்று, தெரியாதவர்கள் நிலைத்தார்கள் என்றால், இந்தப் புதிய துறையில் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

ஷென் ஹுய்யின் அனுபவம் நீங்கள் சொல்வதைவிடவும் பெரியது. வாகன உதிரிபாக நிறுவனமான போர்க்வார்னர், கார் நிறுவனமான ஃபியட் ஆகியவற்றின் சீனப் பிரிவுகளில் பொறுப்பு வகித்த பிறகு ஜீலி குழுமத்துக்கு வந்த அவர், 2010-இல் அக்குழுமம் ஃபோர்டிடமிருந்து வோல்வோவை வாங்கியபோது அந்தப் பேரத்தை நடத்தியவர்களில் முக்கியமானவராக இருந்தார். பின்னர் வோல்வோவின் சீனப் பிரிவுக்குத் தலைவரானார். மலிவு விலைக் கார்களுக்குப் பெயர்பெற்றிருந்த ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு ஐரோப்பாவின் மதிப்புமிக்க பெயர் ஒன்று வந்த நிகழ்வு அது. முதலீட்டாளர்களையும் உள்ளூர் அரசுகளையும் இணங்கவைப்பது, ஆலை எழுப்புவது, உதிரிபாகம் தருவோரை ஒருங்கிணைப்பது என அங்கே அவர் கற்றவை அனைத்தும் சொந்த நிறுவனத்திலும் அவருக்குக் கைகொடுக்கவே செய்தன.

நியோ தன் கார்களை ஹேஃபெய் நகரில் ஜேஏசி நிறுவனத்தைக் கொண்டும், எக்ஸ்பெங் தொடக்கத்தில் ஹைமா நிறுவனத்தைக் கொண்டும் செய்துவாங்கியபோது, ஷென் வென்ஜோவில் சொந்த ஆலையை எழுப்பி, 2018 செப்டம்பரில் இஎக்ஸ்5 காரை வாங்கியோர் கையில் கொடுத்தார். பணத்துக்கும் குறைவில்லை. 2020 ஏப்ரலில் நியோவை மூழ்காமல் காத்த ஹேஃபெய் அரசுத் தரப்பு முதலீடு 700 கோடி யுவான்; அதே ஆண்டு செப்டம்பரில் ஷென் ஒரே சுற்றில் திரட்டியது 1,000 கோடி யுவான்.

இனி அந்த மற்ற மூவரில் இருவரைப் பார்ப்போம். இணையத்திலிருந்து வந்தவர்கள் என்பது சரிதான், ஆனால் எந்த இணையத்திலிருந்து? நியோவின் லி பின் நடத்தியது பிட்ஆட்டோ. லி ஆட்டோவின் லி ஷியாங் நடத்தியது ஆட்டோஹோம். இரண்டுமே கார் வாங்குவோருக்கான தளங்கள். சீனக் குடும்பங்கள் எந்தக் காரை எதனோடு ஒப்பிடுகின்றன, எந்த இடத்தில் தயங்கிப் பின்வாங்குகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தொழில் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? வழியில் மின்னூட்ட இடம் கிடைக்காதே என்று அஞ்சும் பெரிய குடும்பத்துக்காக, மின்கலத்தை ஊட்டுவதற்கென்றே ஒரு பெட்ரோல் எஞ்சினையும் பொருத்தி லி ஷியாங் கொண்டுவந்த லி ஒன், பொறியாளர்கள் பலர் முகம் சுளித்த வண்டி. விற்றது.

இஎக்ஸ்5 காருக்கு அப்படித் தெளிவான ஒரு வாங்குவோர் இருக்கவில்லை என்பதே என் கணிப்பு. நடுத்தர விலை, அரசு மானியம், கணிசமாக வாடகைக் கார் ஓட்டுநர்கள் என்று நின்ற அந்த வண்டியை ஒருபுறம் தன் மின்கலத்தைத் தானே செய்துகொள்ளும் பிஒய்டியும், மறுபுறம் ஷாங்காய் ஆலையிலிருந்து விலையைக் குறைத்துக்கொண்டே வந்த டெஸ்லாவும் நெருக்கின. அத்துடன் தீப்பிடித்த நிகழ்வுகளைத் தொடர்ந்து, மின்கலக் குறைபாட்டுக்காக 2020 அக்டோபரில் 1,282 கார்களைத் திரும்பப் பெறவும் நேர்ந்தது. 2021-இல் மற்ற மூன்று நிறுவனங்களும் தலைக்கு 90,000-க்கு மேல் விற்றபோது வெல்ட்மைஸ்டர் விற்றது 44,157. ஹாங்காங் பங்குச் சந்தையில் நுழைவதற்காக 2022 ஜூனில் அது தாக்கல் செய்த ஆவணத்தின்படி அந்த 2021-ஆம் ஆண்டின் இழப்பு 820 கோடி யுவான். ஷென்னின் ஊதியம் 126 கோடி யுவான் என்று அதில் இருந்ததுதான் ஊரெல்லாம் பேச்சானது. அதில் பெரும்பகுதி பங்குகளின் மதிப்பே தவிர ரொக்கமன்று என்பதால், அந்தக் கோபத்தில் பாதியை நான் ஏற்கவில்லை. எனக்கு உறுத்தியது அதே ஆவணத்தின் வேறொரு வரி: ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் அவ்வாண்டில் செலவிட்டது 100 கோடி யுவானுக்குச் சற்றுக் குறைவு. மற்ற மூன்றில் ஒவ்வொன்றும் 300 கோடிக்கு மேல் செலவிட்டிருந்தது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஜீலி தொடுத்த வழக்கு. ஜீலி குழுமத்தில் பணியாற்றிய ஏறத்தாழ 40 மேலாளர்களும் பொறியாளர்களும் விலகி வெல்ட்மைஸ்டர் தரப்பில் சேர்ந்ததையும், ஜீலியின் கார் அடிச்சட்ட (சேஸிஸ்) வரைபடங்களை வைத்து 12 காப்புரிமைகளுக்கு விண்ணப்பிக்கப்பட்டதையும் ஆராய்ந்த சீன உச்ச மக்கள் நீதிமன்றம், 2024 ஜூனில் சுமார் 64 கோடி யுவான் இழப்பீடு விதித்தது. சீனாவில் தொழில் இரகசிய வழக்கொன்றில் அதுவரை காணாத தொகை அது. ஒருவர் கைப்பழக்கமும் கணிப்பும் அவருடனேயே போகும். வரைபடம் நிறுவனத்துக்கு உரியது. உங்கள் தொழிலில் இந்த வேறுபாட்டை உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்காது. புதிய நிறுவனம் ஒன்றை விரைவாக நிறுத்த வேண்டும் என்ற அவசரத்தில் ஷென் தரப்பு அந்தக் கோட்டைத் தாண்டியது. அப்படிக் கொண்டுவந்த அடிச்சட்டமோ எவருக்காகக் கார் செய்கிறோம் என்ற கேள்விக்கு விடை தரக்கூடியதும் அன்று.

தீர்ப்பு வந்தபோது நிறுவனம் ஏற்கெனவே படுத்துவிட்டது. ஹாங்காங் நிறுவனம் ஒன்றுடன் இணையும் முயற்சி 2023 செப்டம்பரில் முறிந்தது. அடுத்த மாதமே ஷாங்காய் நீதிமன்றத்தில் திவால் மறுசீரமைப்புக்கான நடவடிக்கை தொடங்கியது. சாலையில் இருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் கார்களின் உரிமையாளர்கள், கைபேசிச் செயலி இயங்காமலும் உதிரிபாகம் கிடைக்காமலும் அல்லாடினார்கள். 2025-இல் ஷென்ழென் நகர நிறுவனம் ஒன்று மறுசீரமைப்பை ஏற்று, வென்ஜோ ஆலையில் மீண்டும் இஎக்ஸ்5 செய்யப்போவதாக அறிவித்தது. நிலுவையில் கைசுட்டுக்கொண்ட உதிரிபாக நிறுவனங்கள் இம்முறை முன்பணம் இல்லாமல் சரக்கு அனுப்புமா என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.