காசில்லாத மாதங்களில் பார்த்த படங்கள்

அன்புள்ள ஐயா,

வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. செலவுகளைக் குறைக்க ஆரம்பித்தபோது முதலில் போனவை ஓடிடி சந்தாக்கள்தான், ஒவ்வொன்றாக. இணைய இணைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், வேலை தேட அது வேண்டுமே. இப்போது படங்களை டோரன்டில் இறக்கிப் பார்க்கிறேன். ராத்திரியில் இரண்டு மணி நேரம் எதையும் நினைக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நண்பன் ஒருவன், இது பச்சைத் திருட்டு, கடையில் புகுந்து எடுப்பதும் இதுவும் ஒன்றுதான் என்கிறான். என்னிடம் காசே இல்லை, எப்படியும் டிக்கெட் வாங்கப்போவதில்லை, அப்படியிருக்க யாருக்கு என்ன நட்டம்? கோடிகளில் சம்பளம் வாங்கும் நடிகருக்கா?

உங்களிடம் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் இரண்டாவது நாவலை நான் வாசித்தது ஒரு குழுவில் யாரோ பகிர்ந்த பிடிஎஃப்பில்தான். மிகவும் பிடித்திருந்தது, தங்கை வீட்டை விட்டுக் கிளம்பும் இடம் மட்டும் சட்டென்று வந்துவிட்டதுபோல இருந்தது. மன்னிக்கவும்.

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பிடிஎஃப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பர்.

அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார். கடையிலிருந்து ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரிடம் சைக்கிள் இருக்காது. படத்தை நகலெடுத்தால் படம் அங்கேயேதான் இருக்கிறது. இது குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் சினிமாத் துறை வருடக்கணக்கில் இதை மறைத்தே பேசிவந்தது. 2004 வாக்கில் டிவிடிகளின் தொடக்கத்தில் ஒரு விளம்பரம் வரும், கார் திருடுவீர்களா, கைப்பை திருடுவீர்களா என்று அடுக்கிக்கொண்டே போய், படம் இறக்குவதும் அப்படித்தான் என்று முடிப்பார்கள். பல டிவிடிகளில் அதைத் தாண்டி ஓட்டவும் விடமாட்டார்கள். காசு கொடுத்து டிவிடி வாங்கியவர் உட்கார்ந்து அந்த வசவைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், திருட்டு நகலில் பார்த்தவருக்கு அது வெட்டப்பட்டு நேராகப் படமே வந்துவிடும்! சட்டத்திலும் இந்த வித்தியாசம் பேசப்பட்டிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டாகப் போட்டு விற்ற டவ்லிங் என்பவரின் வழக்கில், பதிப்புரிமையை மீறியது குற்றம்தான், ஆனால் அந்தத் தட்டுகளைத் திருட்டுப் பொருளைக் கடத்துவோருக்கான சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது.

திருட்டு இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். எனக்கு இது வித்அவுட்டில் ரயில் ஏறுவது மாதிரி. சீட் காலியாகத்தான் இருந்தது, நீங்கள் ஏறாவிட்டாலும் வண்டி போயிருக்கும், உங்களால் யாரும் நின்றுகொண்டு வரவில்லை. எல்லாம் சரி. ஆனால் டிடிஆர் வரும்போது நீங்கள் அந்த வாதத்தைச் சொல்வீர்களா என்ன? கழிவறைப் பக்கம் நழுவுவீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த நழுவல் இருக்கிறது, அதனால்தான் எழுதவே தோன்றியிருக்கிறது.

நட்டம் பற்றிய கேள்வி நேர்மையானது. எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன் என்பது பாதிக்கு மேல் உண்மை என்றே வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆணையம் நெதர்லாந்தின் இகோரிஸ் நிறுவனத்தை வைத்து ஓர் ஆய்வு செய்தது. அறிக்கை 2015இல் முடிந்தும் 2017இல்தான் வெளியே வந்தது. பொதுவாக இறக்குவதால் விற்பனை குறைகிறது என்று உறுதியாகச் சொல்லும்படியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. விதிவிலக்கு, புதிதாக வந்த பெரிய படங்கள். அவற்றில் பத்துப் படங்களை இப்படிப் பார்த்தால், முறையாகப் பார்ப்பது நான்கு குறைகிறது. அதாவது ஆறு தடவை உங்கள் வாதம் சரி, நான்கு தடவை தப்பு. சிக்கல் என்னவென்றால் இந்த ஆறும் நான்கும் தனித்தனி ஆட்கள் என்று யாரும் சொல்லவில்லை. காசு இருந்த காலத்தில் முதல் வாரமே போய்ப் பார்த்திருக்கக்கூடிய படத்தை இறக்கினால் நீங்கள் நான்கில் ஒருவர், சும்மா கிடந்ததே என்று பார்த்த படத்துக்கு ஆறில் ஒருவர். எந்தப் படத்துக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பெரிய நடிகரை விடுங்கள், அவர் படம் தொடங்குமுன்பே வாங்கிவிட்டார். லைட்மேன் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று உருகுகிறவர்களையும் நான் முழுசாக நம்புவதில்லை. அந்த லைட்மேனுக்கு அன்றைய பேட்டா வந்ததா இல்லையா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது, உங்களைப் பொறுத்ததில்லை. அடி விழுவது வேறு இடத்தில். சின்னப் படம் ஒன்று சுமாராக ஓடியிருந்தால் அதே இயக்குநருக்கு இரண்டாவது படம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. எடுக்கப்படாத படத்துக்கு நாம் வருத்தப்பட முடியாது, அது எதுவென்றே தெரியாதே. இதைச் சொல்லும்போது துறையின் ஒப்பாரியையும் தள்ளுபடி செய்துதான் கேட்கவேண்டும். 1982இல் ஹாலிவுட்டின் சார்பில் ஜாக் வேலன்டி என்பவர், வீட்டு வீடியோ ரெக்கார்டர் வந்தால் சினிமா செத்தது என்று நாடாளுமன்றக் குழுமுன் போய்க் கத்தினார், தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தொடர் கொலைகாரன் எப்படியோ அப்படி என்று உவமை வேறு. 1984இல் நீதிமன்றம் ரெக்கார்டரை அனுமதித்தது. அப்புறம் பல வருடம் அதே வீடியோ கேசட்டில்தான் ஹாலிவுட் காசு பார்த்தது.

நீங்கள் யோசிக்காத ஒன்று டோரன்ட். இறக்குகிறேன் என்கிறீர்கள், ஆனால் பிராம் கோஹன் 2001இல் எழுதிய அந்த முறையே கோப்பைத் துண்டு துண்டாக்கி, உங்களுக்கு வந்த துண்டை உடனே அடுத்தவருக்கு உங்கள் கணினியிலிருந்து அனுப்புவதுதான். நீங்கள் தூங்கப்போன பின்பும் அது யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் வக்கீல் நோட்டீஸ் வருவது பெரும்பாலும் இப்படிக் கொடுத்ததற்காகத்தான். அது வேண்டாமென்று நேரடியாகப் பார்க்கும் தளங்களுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. பெரிய பச்சைப் பொத்தானில் டவுன்லோட் என்றிருக்கும், அது பொய், அழுத்தினால் சூதாட்டத் தளம் திறக்கும். அதை மூடினால் உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது என்று ஒரு பெட்டி. உண்மையான இணைப்பு கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு பொய்ப் பொத்தானுக்கும் யாரோ ஒருவருக்குக் காசு போகிறது, படத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாத ஒருவருக்கு.

என்னையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது நான் சினிமா கற்றுக்கொண்டதே திருட்டு விசிடியில்தான். தியேட்டரில் கேமராவை மறைத்துவைத்து எடுத்த பிரின்ட், முக்கியமான காட்சியில் ஒருவர் எழுந்து திரைக்குக் குறுக்கே போவார், அவருடைய தலை நாயகியின் முகத்தை மறைக்கும். ஒரு படத்தில் சாவு வீட்டுக் காட்சியில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருப்பார்கள். பல வருடம் கழித்து அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தபோது இருமல் இல்லாமல் காட்சி வெறுமையாக இருந்தது. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படிப் பார்த்த படங்களின் பெயரை எழுதினேன், நாற்பத்துச் சொச்சம் வந்தது, நினைவிலிருந்தவை மட்டும். டிவிடி வந்தபோது வாங்கி, மறுவெளியீட்டில் டிக்கெட் எடுத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். பதினொன்று இன்னும் பாக்கி. அதில் இரண்டு படங்களை எடுத்தவர்கள் இப்போது இல்லை.

அதனால் பார்க்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, பரவாயில்லை பாருங்கள் என்றும் சொல்லமாட்டேன். கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்று வாங்கியவர் அது தன் உரிமை என்று பேசமாட்டார், அதற்காகத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளமாட்டார். எழுதிவைப்பார். புதிய படத்துக்கு, அதுவும் சின்னப் படத்துக்கு, முதல் சில வாரம் பொறுத்திருங்கள். தயாரிப்பாளர்களே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கும் பழைய படங்கள் ஏழு மாதத்துக்கு என்ன, ஏழு வருடத்துக்குப் போதும். பதிப்புரிமை முடிந்தவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் கிடக்கின்றன. எங்கேயும் விலைக்கே கிடைக்காத படத்தை நகலில் பார்ப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’வின் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மனியில் நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்தது, டிராகுலா கதையை அனுமதியில்லாமல் எடுத்தார்கள் என்று. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால்தான் இன்று அதைப் பார்க்கிறோம்.

இனி பிடிஎஃப். கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த நாவலுக்கு நான்கு வருடம் ஆனது. கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் பிரதியைத் தேடி எடுத்தும் பார்த்தேன், என் புத்தகத்தையே நான் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தவர் ஓரிடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். 141ஆம் பக்கத்துக்கு அடுத்து 144 வருகிறது. தங்கை அம்மாவிடம் பேசுவது அந்த இரண்டு பக்கத்தில்தான். உங்கள் மின்னஞ்சலுக்கு அவற்றை மட்டும் அனுப்பியிருக்கிறேன். இதை நோட்டில் எழுதவேண்டாம்.