சோழி, தியோடலைட், காணாமல் போன பெயர்: காலனி கால அறிவியல் பற்றிக் கேள்வி பதில்

வெள்ளைக்காரர் ஆட்சியில் அறிவியல் எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அவர்கள் வருமுன் நம்மிடம் இருந்தது வெறும் ஜோசியம்தானே சார்?

பதில்: லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 1761இல் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கடப்பு நாளன்று அவர் இருந்தது நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு எதை அளப்பது? எட்டு வருடம் காத்திருந்து, 1769இல் அடுத்த கடப்புக்குப் புதுச்சேரியிலேயே தொலைநோக்கியை நிறுத்தினார். அன்று பார்த்து மேகம். பாவம் மனுஷன்!

ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றார். காகிதம் கிடையாது. சோழிகளை நகர்த்தி, கணக்குக்கான எண்களைப் பொதிந்த மனப்பாட வாக்கியங்களைச் சொல்லியபடியே, ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்துக்குள் அந்தத் தமிழர் போட்டுக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 விநாடி. அன்று ஐரோப்பாவில் மதிப்பாக இருந்த ஜெர்மன் வானியலாளர் மாயரின் அட்டவணையில் 68 விநாடி.

கேள்வி: சர்வே கருவி தஞ்சைப் பெரிய கோயிலில் மோதி உடைந்தது நிஜமா?

பதில்: நிஜம், 1808இல். டெல்டாவில் குன்று ஏது? அதனால் கம்பெனிக்காக நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்துகொண்டிருந்த லாம்ப்டன், கோயில்களின் உச்சியிலிருந்து கோணம் பார்த்தார். கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதியது. அப்புறம் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே பழுது பார்த்தார்.

இதே கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் போனது. என்னவென்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆளுநர் சென்னைக்கே அனுப்பிவைத்தார், அதுவும் போர்க்காலத்தில். ‘அறிவியலாளர் வலைப்பின்னல்’ என்றால் என்ன என்று கேட்ட நண்பருக்கும் இதுதான் பதில். ஒன்று மட்டும்: அந்த மரியாதை ஐரோப்பியர் தங்களுக்குள் காட்டிக்கொண்டது. சோழி நகர்த்தியவருக்கு அதில் இடமில்லை.

கேள்வி: சர்வே அறிவுக்காகவா, ஆட்சிக்காகவா?

பதில்: பூமியின் வடிவத்தை அளக்க வேண்டும் என்பது லாம்ப்டனின் ஆசை. பிடித்த நாட்டுக்குச் சரியான வரைபடம் வேண்டும் என்பது கம்பெனியின் தேவை. 1799இல் திப்பு வீழ்ந்த கையோடு லாம்ப்டன் தன் திட்டத்தை முன்வைத்தார், பணம் கிடைத்தது.

கேள்வி: எவரெஸ்டை அளந்தது ராதாநாத் சிக்தார்தானே?

பதில்: தொலைவில் நின்று கோணம் எடுத்தவர்கள் பலர், கணக்குப் போட்டவர் சர்வேயில் வேலை பார்த்த வங்காளியான சிக்தார். ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்பது மிகை. எனக்கு உறுத்துவது வேறு. 1851இல் வந்த சர்வே கையேட்டில் அவர் பங்களிப்புக்கு நன்றி சொல்லியிருந்தது. அவர் இறந்தபின் 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பெயரைத் தூக்கிவிட்டார்கள், கணக்குகள் அப்படியே இருந்தன.

கேள்வி: பெயர் கிடைத்தவர் யாருமே இல்லையா?

பதில்: உண்டு. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். 1867இல் ஒரு மாறொளி விண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்தார், 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். தொலைநோக்கியில் பார்ப்பதற்கேற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்தவும் முனைந்தார். பழைய வாக்கியப் பஞ்சாங்கமா, திருத்திய திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்னும் ஓயாத சண்டையில் அவருக்கும் பங்குண்டு.